நாற்பத்திரண்டாவது கட்டம்

கீழப்புனவயல்
4 பிப்ரவரி 2024

அன்புள்ள தம்பி யோகேஸ்வரனுக்கு,

அக்கா முருகலட்சுமி எழுதுவது. இங்கே நானும் அண்ணனும் மதினியும் சுகம். நீயும் மாலதியும் ஜெயப்பிரியாவும் சுகமாக இருக்க உத்தரகோசமங்கை சாமியைக் கும்பிட்டுக்கொள்கிறேன். ஜாம்நகரில் குளிர் விட்டதா? உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

கையில் போனை வைத்துக்கொண்டு எதற்குக் கடிதம் என்று சிரிக்காதே. இதோடு இரண்டு தாள் வைத்திருக்கிறேன். போட்டோ எடுத்தால் கோடெல்லாம் சாய்ந்து விழுகிறது. வரி இடைவெளி பார்க்கத் தாள் கைக்கு வரவேண்டும் என்று சொன்னவன் நீதான்.

நீ புரோகிராம் எழுதி நம் கண்மாய்ப் பாசன சங்கத்தில் வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர் இருபத்தெட்டு வருஷமாக ஓடுகிறது. புதுசு வாங்கலாம் என்று தலைவர் வருஷா வருஷம் சொல்வார், சொல்வதோடு சரி. அதற்கு இன்னும் ஒரு தமிழ் எழுத்துத் தெரியாது. பழையபடி வயல்காரர் பேர்களை அச்சகத்தில் அடித்து வாங்கி, அந்தப் படிவத்தைப் பிரிண்டரில் மாட்டி, ஒவ்வொரு பேருக்கும் நேரே தண்ணீர் பாய்கிற தேதியையும் மணியையும் மட்டும் அடிக்கிறேன். அடித்த முறைச்சீட்டைப் பார்த்துத்தான் நீர்ப்பாய்ச்சி அய்யப்பன் மடை திறப்பான்.

நாம் வழக்கமாகக் கொடுக்கிற அச்சகம் மூடிவிட்டதால் போன மார்கழிக்கு வேறு இடத்தில் படிவம் அடித்தோம். ஒரு தாள் பழைய படிவம், ஒரு தாள் புதுசு. கவர் கனக்கிறது என்று பேர் இருக்கிற பக்கத்தை மட்டும் கத்தரித்துவிட்டேன். இரண்டும் ஒன்றுபோல இருக்கிறதா என்று சும்மா பார்த்துச் சொல். அவசரம் ஒன்றுமில்லை.

உன் அக்கா,
முருகலட்சுமி

*

ஜாம்நகர்
16 பிப்ரவரி 2024

அன்பான அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். இங்கே மூவரும் நலம். முழங்கால் மட்டும் எனக்கு முன்னால் ரிட்டயர் ஆகப் பார்க்கிறது. உன் சர்க்கரை எப்படி? மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா, இல்லை டப்பாவைப் பார்த்தாலே குறைந்துவிடும் என்று இருக்கிறாயா?

அவசரம் ஒன்றுமில்லை என்று நீ எழுதினால் அவசரம் என்று அர்த்தம். அதனால் அன்றைக்கே நான் வேலை பார்க்கிற கிடங்கு ஆபீஸுக்குத் தாள்களைக் கொண்டுபோய் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். பழைய தாளில் எண்கள் ஒவ்வொன்றும் தன் கட்டத்துக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருக்கின்றன. புதுத் தாளில் மேலே எல்லாம் சரி. பாதிக்கு வந்தால் எண்கள் கோட்டின் மேலேயே ஏறி நிற்கின்றன. அது மேல் கட்டத்துக்கா கீழ்க் கட்டத்துக்கா என்று எனக்கே தெரியவில்லை. இதைப் பார்த்து மடை திறந்த அய்யப்பனுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

ஒரு வேலை செய். புதுப் படிவம் ஒன்றை மாட்டி, மெனுவில் "TEST" என்று இருக்கிற சோதனையைப் போடு. எல்லாக் கட்டத்திலும் 99 என்று அடிக்கும். அந்தத் தாளை மடிக்காமல் சுருட்டி அனுப்பு. புதுப் பெட்டி பிரிக்கும்போதெல்லாம் முதல் தாளில் இதை அடித்துப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட வேண்டும் என்று உனக்கு நோட்டில் எழுதியே கொடுத்திருக்கிறேன். இந்தப் பெட்டிக்கு அடித்தாயா?

இப்போது நல்ல செய்தி. ஜெயப்பிரியாவுக்கு இடம் அமைந்துவிட்டது. பையன் அவளோடு வேலை பார்க்கிறவர்தான், சொந்த ஊர் பரமக்குடிப் பக்கம். ஆவணியில் பரமக்குடியிலேயே கல்யாணம். அக்கா, நான் என் பங்கு வயலை வெளியாளுக்கு விற்ற நாளிலிருந்து, எட்டு வருஷமாக அண்ணன் என்னோடு பேசுவதில்லை. அது எங்கள் இரண்டு பேரோடு போகட்டும். ஆனால் முகூர்த்தக்கால் ஊன்றுவது பெரியப்பா கையாலாகத்தான் இருக்க வேண்டும் என்று பிள்ளை ஒரே பிடிவாதம். எனக்கும் அதுதான் ஆசை. நீ பக்கத்து வீட்டில் இருக்கிறாய், சமயம் பார்த்துக் கேட்டுச் சொல். இந்த வருஷம் அண்ணன் வயல் எப்படி விளைந்தது?

அன்புத் தம்பி,
யோகேஸ்வரன்

*

கீழப்புனவயல்
5 மார்ச் 2024

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே அனைவரும் சுகம். ஜெயப்பிரியா செய்தியைப் படித்ததும் கண்ணீரே வந்துவிட்டது. குழந்தைக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல். பையன் போட்டோவை அனுப்பச் சொல், அத்தை பார்த்துச் சரி என்று சொன்னால்தான் கல்யாணம்.

நீ கேட்ட 99 தாளைச் சுருட்டி அனுப்பியிருக்கிறேன். ரிப்பன் காய்ந்துவிட்டதால் கொஞ்சம் வெளிறி இருக்கும். அடிக்கிற சத்தத்துக்குப் பயந்து சங்கத்துப் பூனை ஓடியது இன்னும் திரும்பவில்லை. வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. உச்சிப்புளிப் பக்கமிருந்து கிளம்புகிற கடற்படை விமானம் ஒன்று தினமும் சாப்பாட்டு நேரத்துக்குத் தலைக்கு மேலே போகிறது, மதினி அதைப் பார்த்துத்தான் உலை இறக்குகிறாள்.

அண்ணனிடம் இன்னும் பேச்சு எடுக்கவில்லை. சமயம் பார்க்கிறேன். வயலைக் கேட்டிருந்தாய். இந்த வருஷம் யாருக்கும் பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

மாலதியை விசாரித்ததாகச் சொல்.

அக்கா,
முருகலட்சுமி

*

ஜாம்நகர்
14 மார்ச் 2024

அன்பான அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாயிருக்க வேண்டும். பையன் போட்டோவை ஜெயப்பிரியா உன் போனுக்கு அனுப்பிவிட்டாள். மீசையைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாதே என்று கேட்டுக்கொள்கிறாள்.

கண்டுபிடித்துவிட்டேன். நம் பிரிண்டர் ஓர் அங்குலத்துக்கு ஆறு வரி அடிக்கும். நாற்பத்திரண்டு பேருக்கு ஏழு அங்குலம், அதாவது 17.8 சென்டிமீட்டர். பழைய படிவத்தில் கட்டங்கள் மிகச் சரியாக அந்த நீளம்தான். புதுப் படிவத்தில் மேல் கோட்டிலிருந்து கடைசிக் கோடு வரைக்கும் அளந்தால் 18.25 வருகிறது. புது அச்சகத்துக்காரர் கட்டத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவு பெரிதாகப் போட்டிருக்கிறார். நாம் அளவு சொல்லிக் கொடுக்காததால் அவர்மேல் தப்புச் சொல்ல முடியாது. ஒவ்வொரு வரியிலும் மயிரிழைதான் வித்தியாசம். ஆனால் அது சேர்ந்துகொண்டே போகிறது. இருபத்தொன்றாவது பேருக்கு வரும்போது அரை வரி ஏறிவிடுகிறது, நாற்பத்திரண்டாவதில் முழு வரி. மேல்மடைக்காரர்களுக்கு எல்லாம் சரியாக இருக்கும். கடைமடைக்காரர்களுக்கு ஒருவர் நேரம் அவருக்கு மேலே இருப்பவர் பேருக்கு நேரே போய் நிற்கும். கடைசிக் கட்டம் வெறும் வெள்ளை.

கடைமடை வயல்களெல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. நேரம் மாறினாலும் தண்ணீர் வந்திருக்கும், யாரும் பெரிதாகச் சண்டை போட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கடைசி ஆள்? அவர் பேருக்கு நேரே ஒன்றுமே இல்லையே. அவருக்குத் தண்ணீர் யார் விட்டது?

நான் வயலை விற்ற பிறகு வரிசையை மாற்றினீர்கள். அதனால் இப்போது நாற்பத்திரண்டாவது யார் என்று எனக்குத் தெரியாது. நீதான் பேர்ப் பக்கத்தைக் கத்தரித்துவிட்டாயே. இத்தனை வருஷத்தில் தபால் கனத்தைப் பற்றி நீ கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. அது யார், அக்கா?

தம்பி,
யோகேஸ்வரன்

*

ஜாம்நகர்
22 ஏப்ரல் 2024

அக்காவுக்கு,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. போன் பண்ணினால் சர்க்கரை சரியாக இருக்கிறது, வெயில் அதிகம், அடுப்பில் பால் இருக்கிறது, வைக்கிறேன் என்கிறாய். உன் வீட்டில் அத்தனை பால் எங்கிருந்து வருகிறது?

போன வாரம் மாலதியின் சித்தி பரமக்குடி பஸ் ஸ்டாண்டில் நம் மதினியைப் பார்த்திருக்கிறார். கல்யாணப் பேச்சை எடுத்ததும் மதினி, "உங்க மாப்பிள்ளை எழுதுன கம்ப்யூட்டரு எங்க வயலுக்குத் தண்ணி இல்லைன்னுருச்சு. பால் பிடிக்கிற பயிரு, ரெண்டு ஏக்கரும் கருகிப்போச்சு. இப்ப எந்த மொகத்தோட எங்களக் கல்யாணத்துக்குக் கூப்பிடுறாக?" என்று கேட்டிருக்கிறார். சித்தி, பஸ் வந்துவிட்டது என்று ஏறிப் போய்விட்டார்.

ஆக, நாற்பத்திரண்டாவது அண்ணன். அது உனக்குப் பிப்ரவரியிலேயே தெரியும்.

அண்ணனுக்கு நான் என்ன செய்தேன், அக்கா? வயலை விற்றேன், அது உண்மை. கேட்காமல் விற்றேன், அதுவும் உண்மை. அதற்கு எட்டு வருஷம் அனுபவித்தாயிற்று. ஆனால் வேண்டுமென்று அவர் பயிரைக் காயவைப்பேன் என்று அவர் நம்புகிறாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அந்த வயல்தான் கண்முன் வருகிறது. படிவம் மாறியது எனக்குத் தெரியாது என்று அவரிடம் யாருமே சொல்லவில்லையா? நீ சொல்லவில்லையா?

யோகேஸ்வரன்

*

கீழப்புனவயல்
6 மே 2024

என் தம்பிக்கு,

சுகம் விசாரிக்கிற யோக்கியதை இன்றைக்கு எனக்கு இல்லை. ஆனாலும் நீங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்க வேண்டும். இதை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். போனில் என்றால் பாதியில் அழுதுவிடுவேன், சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் காதில் விழும்.

முதலில் சோதனை விஷயம். அடித்தாயா என்று கேட்டாய், நான் பதில் எழுதவில்லை. இந்தப் பெட்டிக்கு மட்டுமல்ல. இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அதை அடித்ததில்லை. புதுப் பெட்டி பிரித்தால் முதல் தாளில் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, மடைக் கருப்பசாமி காலடியில் கொண்டுபோய் வைப்பேன். ஊர்த் தண்ணீர்க் காரியம் எழுதுகிற தாள் அல்லவா. நீயோ முதல் தாளில் 99 அடித்துக் கிழித்துப் போடு என்று எழுதிவைத்தாய். சாமிக்கு உள்ளதைக் கிழித்துக் குப்பையில் போட எனக்குக் கை வரவில்லை. சொன்னால் திட்டுவாய் என்று சொல்லவும் இல்லை. இத்தனை வருஷம் ஒரே அச்சகத்துப் படிவம், ஒரு குறையும் வரவில்லை. அந்தத் தைரியத்தில் இந்தத் தடவையும் அப்படியே அடித்துச் சங்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டேன்.

ஒட்டிய மறுநாளே அப்துல் அஜீஸ் பாய் வந்தார். அவர் வயல் இருபதாவது. "எனக்கு ரெண்டு நேரம் விழுந்திருக்கே தாயி, என்னன்னு பாருங்க" என்றார். தானாக வந்து கேட்ட மனிதர். நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அதிகமா வந்தா வச்சுக்கங்க பாய்" என்று சிரித்தேன். அன்றைக்கு எழுந்துபோய் ஒரு தடவை அந்தச் சீட்டைக் கடைசி வரைக்கும் பார்த்திருந்தால் போதும்.

அண்ணன் வந்து ஒன்றும் கேட்கவில்லை. மடை அடைபட்டு, கண்மாயும் வற்றிய பிறகு, பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால்தான் வந்தார். சங்கத்தில் பத்துப் பேர் இருந்தார்கள். பலகையில் இருந்த சீட்டைக் கிழித்து என் மேஜையில் போட்டு, "எம்பேருக்கு நேரா வெள்ளையா விட்டது யாரு?" என்றார். அப்போதுதான் நான் அந்தக் கட்டத்தைப் பார்த்தேன். என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "நான் என்னண்ணே செய்ய? தம்பி எழுதிவச்ச புரோகிராமு. அவன் போட்டபடிதான் வரும்."

ஒரே வார்த்தை. பயத்தில் வந்துவிட்டது. அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கே பின்னால் ஓடிச் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்வோம் என்று இருந்தேன். அதற்குள் ஜெயப்பிரியாவின் கல்யாணச் செய்தி வந்தது. அதற்குப் பிறகு சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. நீ தாளைப் பார்த்து, பிரிண்டர் கெட்டுவிட்டது, யார்மேலும் தப்பில்லை என்று எழுதினால் அதைக் காட்டித் தப்பித்துவிடலாம் என்றுதான் முதல் கடிதம் எழுதினேன். போதுமா? உன் அக்காவின் லட்சணம் இதுதான்.

முருகலட்சுமி

*

ஜாம்நகர்
9 ஜூன் 2024

அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முதல் வாரம் உன்மேல் வந்த கோபத்தில் எழுதியிருந்தால் நீயும் நானும் இந்த ஜென்மத்தில் பேசியிருக்க மாட்டோம். அதனால்தான் எழுதவில்லை. மாலதி படித்துவிட்டு, "பயந்துட்டாங்க, விடுங்க" என்றாள். விட முடியவில்லை. ஏற்கெனவே என்னோடு பேசாத மனிதரிடம் போய் என் பேரைச் சொன்னாயே என்பது இன்னும் வலிக்கிறது.

அப்புறம் ஒரு நாள் உன் நோட்டில் நான் எழுதியது நினைவுக்கு வந்து சிரிப்பும் வந்துவிட்டது. அக்கா, முதல் தாளைக் கருப்பசாமிக்குக் கொடுத்துவிட்டு இரண்டாவது தாளில் 99 அடித்திருக்கலாமே! இருபத்தெட்டு வருஷத்தில் உனக்கு அது தோன்றவே இல்லையா? முதல் தாள் என்று நான் எழுதியதைக் கிளிப்பிள்ளை மாதிரி பிடித்துக்கொண்டாயா?

மிச்சமிருக்கிற படிவத்தை வீணாக்க வேண்டாம். புரோகிராமில் ஒவ்வொரு வரிக்கும் எவ்வளவு இறங்க வேண்டும் என்று ஓரிடத்தில் 36 என்ற எண் இருக்கும். எந்தத் திரை, எந்த வரி என்று தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அதை 37 ஆக்கிச் சேமித்துவை. நாற்பத்திரண்டு வரிக்கும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், கடைசிக் கட்டம் வரைக்கும் சரியாக உட்காரும்.

இனி அந்த ஒரு எண்ணை மாற்றுவதுபோல மற்றதை என்னால் மாற்ற முடியாது. அண்ணனிடம் நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னால் தப்பித்துக்கொள்ள உன்னைக் காட்டிக்கொடுத்ததாக ஆகும். பத்துப் பேர் முன்னால் நீ சொன்ன வார்த்தை அது. நீதான் போக வேண்டும். கல்யாணத்துக்கு அவர் வராவிட்டாலும் பரவாயில்லை. நான் வேண்டுமென்று செய்தேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பது மட்டும் வேண்டாம்.

தம்பி,
யோகேஸ்வரன்

*

கீழப்புனவயல்
28 ஜூன் 2024

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் சுகம். உன் காலுக்கு மதினி தைலம் காய்ச்சிக் கொடுத்திருக்கிறாள், அவளாகவே கொடுத்தாள், அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

36ஐ 37 ஆக்கிவிட்டேன். இரண்டாவது தாளில்தான் 99 அடித்தேன், திட்டாதே. மேலிருந்து கீழே வரைக்கும் ஒன்றுகூடக் கோட்டைத் தொடவில்லை.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போன வெள்ளிக்கிழமை சங்கக் கூட்டத்துக்குப் போனேன். அண்ணன் கடைசியில் உட்கார்ந்திருந்தார். அஜீஸ் பாயும் அய்யப்பனும் இருந்தார்கள். எழுந்து நின்று, "மார்கழிச் சீட்டுல தப்பு எந்தம்பி மேல இல்ல. படிவம் மாறுனது அவனுக்குத் தெரியாது. சரிபார்க்காம அடிச்சது நான். பயந்துபோயி அவன் பேரச் சொன்னதும் நான்தான்" என்று சொன்னேன். ஒருவழியாகச் சொல்லி முடித்துவிட்டேன். எழுத்தர் வேலையை விட்டுவிடுகிறேன் என்றும் சொன்னேன். தலைவர் மோட்டுவளையைப் பார்த்தார். அய்யப்பன்தான், "சீட்டப் பார்த்துத் தொறந்தவன் நானு. எனக்கும் கேக்கத் தோணலையே அக்கா" என்றான்.

அண்ணன் எல்லாருக்கும் முன்னால் எழுந்து போய்விட்டார். ராத்திரிச் சாப்பாடு அவருக்கு எப்போதும் என் வீட்டில்தான், அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாவது நாள் வந்து உட்கார்ந்து, சாப்பிட்டு, கை கழுவிவிட்டு, "அவன் விலாசத்த எழுதிக் குடு. ஒரு கவரும் குடு" என்றார். எழுதிக் கொடுத்தேன். என்ன எழுதப்போகிறார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் பயம். நல்லதோ கெட்டதோ, வந்ததும் எனக்குச் சொல்.

அக்கா,
முருகலட்சுமி

*

கீழப்புனவயல்
2 ஜூலை 2024

தம்பி யோகேஸ்வரனுக்கு அண்ணன் வேல்சாமி எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். அங்கே உன் வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தப்பிருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

முருகு சங்கத்தில் சொன்னதை உனக்கு எழுதியிருப்பாள். அவள் புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. அது எனக்கு முன்பே தெரியும்.

சீட்டு ஒட்டிய அன்றைக்கே போய்ப் பார்த்தேன். என் பேருக்கு நேரே வெள்ளை. அஜீஸ் பேருக்கு இரண்டு நேரம். நாற்பது வருஷமாக அந்தப் பலகையைப் பார்க்கிறவனுக்கு, வரி ஏறி விழுந்திருக்கிறது என்று தெரியாதா? நேரே போய் அய்யப்பனிடம், ஏலே, என் முறையையும் சேர்த்துத் திற என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திறந்திருப்பான். முருகுவிடம் சொல்லியிருந்தால் பேனாவில் எழுதிக் கொடுத்திருப்பாள். நான் கேட்கவில்லை. தினமும் காலையில் வரப்பில் நின்று பயிர் வாடுவதைப் பார்த்தேன், அப்போதும் கேட்கவில்லை.

ஏன் என்று உன் மதினி நூறு தடவை கேட்டுவிட்டாள். அவளிடம் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். நீ வயலை விற்றபோது என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கோபம் வருஷம் போகப் போகக் குறைந்துகொண்டே வந்தது. குறைவது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த வெள்ளையைப் பார்த்ததும் திரும்பவும் கோபப்பட ஒரு காரணம் கிடைத்தது. கேட்டால் தண்ணீர் வந்துவிடும், பயிர் பிழைத்துவிடும், அப்புறம் உன்மேல் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இருக்காது. முருகு உன் பேரைச் சொன்னாள். பொய் என்று தெரிந்துதான் பிடித்துக்கொண்டேன். தினமும் அவள் கையால் சோறு தின்கிறேன், அவள்மேல் கோபப்பட முடியுமா? நீ தூரத்தில் இருந்தாய். உன்மேல் கோபப்படுவது சுலபமாக இருந்தது.

இரண்டு ஏக்கர் பயிரை நான்தான் காயவிட்டேன். அவள் கூட்டத்தில் நின்று நடுங்கியதைப் பார்த்த பிறகு சோறு இறங்கவில்லை. இனி இதற்காக அவளை நீ ஒன்றும் சொல்லாதே.

பிள்ளைக்குப் பெரியப்பா கையால் முகூர்த்தக்கால் ஊன்ற வேண்டும் என்று ஆசை என்று முருகு இப்போதுதான் சொன்னாள். என் பிள்ளை கல்யாணத்துக்கு யாரையும் கேட்டுக்கொண்டு நிற்பேனா என்று நினைத்தேன். கேட்காமல் இருந்து என்ன ஆனது என்று பார்த்துவிட்டேன். அதனால் கேட்கிறேன்.

நான் வரலாமா?

வேல்சாமி